பிலோமி ஒதுக்கிய சோறு

இன்று மத்தியானம் நடந்ததை மூன்றாகச் சொல்கிறேன், நண்பர்களே:
1. பேத்தி வடிவின் சிநேகிதி பிலோமி எங்கள் வீட்டில் சோற்றைத் தொடவில்லை.
2. எங்கள் ரேஷன் அரிசி அவளுக்குக் கேவலம்.
3. நான் சமாளித்த விதம்.

பிலோமி மணப்பாட்டுப் பிள்ளை. அப்பா கப்பலில் வேலை. யுத்தத்துக்கு முன் ரங்கூன் அரிசியாகச் சாப்பிட்ட வீடாக இருக்கும்.

மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "பசிக்கல தாத்தா" என்றாள். அவள் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது. சந்தேகத்தில் என் சோற்றை முகர்ந்து பார்த்தேன். கல் பொறுக்கி மூன்று தரம் கழுவியும் கொஞ்சம் வாடைதான்.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, எங்க வீட்டுச் சோறு நாறுதா?"

பிலோமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படி இல்ல வடிவு. ரேஷன்ல ஆளுக்கு அளந்துதான் குடுக்காவ. நீ தின்னா அங்கன ஒரு ஆளுக்குக் குறையும்னு எங்கம்மை சொல்லி விட்டா."

"பானையில நிறையக் கிடக்கு, தின்னு" என்றேன்.

அவள் எழுந்துபோய்ப் பானையைத் திறந்து பார்த்தாள். "பொய் சொல்லுதிய தாத்தா" என்று சொல்லி, தொடாத சோற்றில் பாதியை என் தட்டில் வைத்துவிட்டு, மீதியைச் சாப்பிட்டாள்.

சமாளித்தது நானா, அவளா என்பதை நீங்களே சொல்லுங்கள். இரண்டாவதாக நான் எழுதியது தவறு.