கலகெதர ஏற்றத்துக்கு முன்னால்

1. குளம் கழுவினவன்

ஸ்கூபா டைவிங் இன்ஸ்ட்ரக்டராக நான் பாடம் எடுத்த முதல் நாளில், முதலில் மூழ்கினவன் நான்தான். இடம் அம்பிட்டியவில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளம். "வெயிட் பெல்ட்ட இப்பிடித்தான் கட்டணும்" என்று கட்டிக் காட்டிவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தேன். பின்னால் தரை இல்லை. இடுப்பில் ஈயக் கட்டிகளோடு ஆழமான பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏறி வந்து, "இதுதான் மொதப் பாடம், இப்பிடிச் செய்யக்கூடாது" என்று சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் யோகேஸ். அதே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிற ரூம் போய். அவனும் என்னைப் போல பன்விலப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அந்த ஹோட்டலுக்கு நான் வந்ததே குளம் கழுவத்தான். கற்பிட்டியில் டைவ் சென்டர் வைத்திருக்கும் ஹனீபா நானா, கண்டியில் ஆட்களைப் பழக்க ஒரு குளம் தேடி வந்தவர், தண்ணீருக்கு அடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்த என்னை வெகு நேரம் பார்த்திருக்கிறார். "ஒனக்கு மூச்சே வாங்காதா?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியது இந்தத் தொழில். பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் பௌதிகம் என்று ஒரு பாடம் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரிய வந்தது.

குளத்தில் பழக்குவது, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கற்பிட்டிக் கடலில் இறக்குவது, ஜும்மாத் தொழுகைக்கு முன் போட்டைக் கரைக்குக் கொண்டுவருவது, இரவு அங்கேயே தங்கி மறுநாள் கண்டிக்குத் திரும்புவது. இதுதான் எங்கள் ஒழுங்கு.

2. சோடாப் போத்தல்

ஏன் தங்க வேண்டும் என்பதை என் மொழியில் சொல்கிறேன். ஆழத்தில் மூச்சு விடும்போது காற்று ரத்தத்தில் கரைந்துபோகும். அது வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் உயரமான இடத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் நுரைக்கும். முள்ளந்தண்டில் நுரைத்தால் கால் போய்விடும்.

டைவ் செய்த அன்று விமானம் ஏறாதே என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். கடலோரத்து ஆட்களுக்கு அது போதும், அவர்கள் வீடு கடல் மட்டத்தில் இருக்கிறது. மலை மேலே இருக்கிற எங்களுக்கு விமானம் தேவையில்லை, ஒரு பஸ் டிக்கெட் போதும். என்னோடு படித்த பதுளைப் பையன் கடைசி டைவ் முடிந்த கையோடு ஊருக்குப் பஸ் ஏறினான். எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கு அவன் சக்கரக் கதிரையில் இருக்கிறான். மூத்திரத்துக்குப் பை மாட்டியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரித்தான். பிறகு காலைக் கையால் தூக்கி இந்தப் பக்கம் வைத்தான்.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. இதில் உள்ள சனியனே அதுதான்.

3. அந்த வெள்ளிக்கிழமை

யோகேஸ் ஆழ டைவ் பழகத் தனியாக வந்திருந்தான். காலையில் இரண்டு முறை இறங்கினோம். கரைக்கு வந்து போனைப் போட்டான். அண்ணன் செல்வம் பல தடவை அழைத்திருந்தார். அம்மா விடியற்காலையில் போய்விட்டார், சாயந்தரமே அடக்கம்.

"இன்னைக்கு நீ மலை ஏறக்கூடாது" என்றேன்.

"என்னாண்ணே பேசுறீங்க. செத்தது எங்கம்மா."

அவனைக் கற்பிட்டியில் பிடித்துவைக்க முடியாது. வேனில் ஏற்றினேன். "கலகெதர வரைக்கும் பெருசா ஏத்தமில்ல. போற வழியில பேசுவோம்" என்றேன். அதற்குள் அடக்கத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு. குருநாகலைத் தாண்டும்போது செல்வத்தோடு பேசினேன்.

"எங்க தம்பியப் புடிச்சி வைக்க நீங்க யாருங்க? அம்மாவுக்குக் கடைசி மகன்தான் மொதப் பிடி மண்ணு போடணும். நீங்களும் நம்மாளுதானே, தெரியாதா?"

"தெரியும் செல்வம். ஞாயித்துக்கிழம எடுத்தா என்ன?"

"சீனி வருத்தத்துல கால் அழுகிச் செத்த ஒடம்பு. நாளைக்குச் சனி, எடுக்க மாட்டாங்க. ஞாயிறு வரைக்கும் நீங்க வந்து பக்கத்துல குந்தியிருப்பீங்களா?"

போனை வைத்தேன். ஹனீபா நானாவை அழைத்தேன். "நான் ஒண்டும் செல்ல மாட்டன். தண்ணிக்கு எறக்கினது நீங்க. முடிவு நீங்க செல்றதுதான்" என்றார்.

கலகெதரவில் மலை ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு பூட்டிய கடைப் பக்கம் வேனை நிறுத்தினேன். சாவியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

"சாவியக் குடுங்கண்ணே."

"குடுக்க மாட்டேன்."

"போனா என் கால்தானே போகும். ஒங்க கால் இல்லையே."

"ஒன் கால் போனா, ஒங்கம்மாவும் இல்லாம ஒன்னய யாருடா கழுவி விடுவா?"

முகத்தில் குத்தினான். முன்பல் ஒன்று ஆடியது. ஏற்கெனவே சுமாரான முகம், பெரிய நட்டமில்லை. அந்த நேரம் பார்த்துக் கண்டி பஸ் வந்தது. ஓடினான். பின்னாலேயே ஓடி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இவருக்கு ஒடம்பு வருத்தம், ஏத்தாதீங்க" என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் கத்தினேன். கதறுகிற ஒருவன், வாயில் ரத்தத்தோடு அவனைப் பிடித்திருக்கிற இன்னொருவன். யார்தான் ஏற்றுவார்கள்? பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை. கடைப் படியில் உட்கார்ந்தான். சாயந்தரம் யாரோ தோட்டத்திலிருந்து வீடியோ கோல் எடுத்தார்கள். தப்படிக்கிற சத்தம், மழை, குடைகள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர், "கடலுக்குப் போனவனக் காணோமே, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கிறது" என்றது தெளிவாகக் கேட்டது. செல்வம் குனிந்து மண் அள்ளினார்.

யோகேஸும் குனிந்தான். ரோட்டுத் தண்ணீர் ஓடும் கானோரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினான். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். படம் அறுந்துபோன பிறகும் வைத்திருந்தான்.

இரவு வேனிலேயே தங்கி, மறுநாள் மத்தியானம் மலை ஏறினோம். தோட்டத்து முச்சந்தியில் அவன் இறங்கிக்கொண்டான்.

4. இப்போது

புதிதாகப் பழக வருகிறவர்களிடம் நீந்தத் தெரியுமா என்று நான் முதலில் கேட்பதில்லை. "வீடு எந்தப் பக்கம்? அங்க யாருக்காவது சுகமில்லையா?" என்றுதான் கேட்கிறேன். என்ன மாஸ்டர், பொண்ணு பார்க்க வந்த மாதிரிக் கேட்கிறீர்கள் என்று கிண்டல் செய்வார்கள். சுகமில்லை என்று பதில் வந்தால் குளத்தோடு நிறுத்திவிடுவேன், கடல் இல்லை. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அதையும் அடுத்தவன் அம்மாவின் சாவில் கற்றுக்கொண்டேன்.

யோகேஸ் டைவிங்கை விட்டுவிட்டான். கண்டி டவுனில் ஒரு போன் கடையில் நிற்கிறான். "ஒண்ணும் ஆயிருக்காது, சும்மா பயந்து என்னய நிப்பாட்டிட்டான்" என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. ஆகாமலும் இருந்திருக்கலாம். எனக்கும் தெரியாது. நடக்காத ஒன்றை நான் எதைக் காட்டி நிரூபிப்பது?

போன மாதம் மார்க்கெட் பக்கம் எதிரே வந்தான். என்னைக் கண்டதும் சட்டென்று ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனான். பஸ் ஒன்று ஹோர்ன் அடிக்க, இரண்டு எட்டு ஓடி நடைபாதையில் தாவி ஏறினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் மறையும்வரை அவன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.