புளி தேய்த்த பம்பர்

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, ஒரு கொட்டாங்குச்சிதான் வருகிறது. குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கை அதில் பாதி இருக்கும். மேலே ஒரு பிடி கல்லுப்பு. பக்கத்தில் பழைய பேப்பர் துண்டில் சலித்த செங்கல் தூள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில், வியாழக்கிழமை மதியம், அண்ணனின் அம்பாசிடர் காருக்கு எதிரே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தியிருப்பார். வெள்ளிக்கிழமை பூஜைக்கான குத்துவிளக்கும் சொம்பும் கற்பூரத் தட்டும் தேய்த்து முடித்து முறத்தில் காய்ந்துகொண்டிருக்கும். கடைசி உருப்படி காரின் முன் பம்பர். விளக்கைத் தேய்த்த அதே புளி, அதே கை, அதே அழுத்தம்.

அண்ணன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வண்டிதான், ஆனாலும் ஸ்டாண்டில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. வியாழக்கிழமைகளில் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடுவார். அந்தத் தூக்கத்துக்குள் அண்ணி பம்பரை முடித்துவிட வேண்டும். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, அதில் மூன்று இடத்தில் மஞ்சள் வைத்து, மஞ்சள்மேல் குங்குமம் வைப்பார். வைத்த பிறகுதான் அண்ணன் சாவியைப் போடலாம். அண்ணி ஒலக்கூர் பக்கத்தில் மல்லாட்டை பயிர் போட்டு, அந்தக் கடலையை விற்று வாழ்ந்த குடும்பத்திலிருந்து வந்தவர். மாமியார் இல்லாத வீடு. கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த நான் ஒருவன், சாப்பாட்டில் குறை சொல்வதற்கென்றே இருந்தேன். அவருக்குப் பயமெல்லாம் ரோட்டைப் பற்றித்தான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே விபத்து என்று யார் பேசினாலும் கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

"ஏன் அண்ணி இதப் போய் இப்படித் தேய்ச்சிக்கினு?" என்று ஒருமுறை கேட்டேன். நிமிராமலேயே பதில் சொன்னார். "ரோட்டுல மொதல்ல போறது இதானே தம்பி? வண்டிக்கு இதான் மொகம். மொகம் பளிச்சினு இருந்தாதான் எதிர்ல வர்ற லாரிக்காரன் பாத்து ஒதுங்குவான்."

பித்தளை தேய்க்கத் தேய்க்க மினுங்கும், ஏனென்றால் உள்ளே போகப் போகவும் அது பித்தளைதான். பம்பர் அப்படியில்லை. உள்ளே இரும்பு, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே குரோமியம் ஒரு மெல்லிய தோல் மாதிரி. செங்கல் தூள் அந்தத் தோலை வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. இரண்டு வருஷத்தில் நம்பர் பலகைக்கு இருபுறமும், அண்ணியின் கை போய் வந்த நீளத்துக்கு, முதலில் மஞ்சள் பூத்தது. பிறகு கருத்தது. பிறகு புள்ளி புள்ளியாகத் துரு. துருவைப் பார்த்த அண்ணி இன்னும் அழுத்தித் தேய்த்தார். பாவம், அவருக்கு வேறென்ன தெரியும்?

விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணனின் வண்டியைப் பேசியிருந்தார்கள். மண்டப வாசலில் பூவெல்லாம் கட்டி முடித்த பிறகு, பெண்ணின் மாமா ஒருவர் முன்னால் வந்து நின்று பார்த்தாராம். "இன்னாய்யா, சொறி புடிச்சாப்ல கீது? போட்டோவுல இதுல்ல வந்து நிக்கும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையை வேறு வண்டியில் ஏற்றிவிட்டார். கட்டிய பூவை அண்ணனே ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து பனியைத் திட்டினார், மழையைத் திட்டினார், வண்டியை விற்றவனைத் திட்டினார். அத்தோடு அது போயிருக்கும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கல்லூரியில் எனக்கு வேதியியல் பாடம். தெரிந்ததைச் சொல்லிக் காட்ட ஒரு இடம் கிடைத்ததே என்ற குஷியில், புளியில் அமிலம் இருக்கிறது, செங்கல் தூள் அரம் மாதிரி, குரோமியம் தாங்காது என்று பரீட்சைக்கு எழுதுவது போல விளக்கினேன். அண்ணி சோற்றுக் குண்டானோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை விளக்கி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இனிமே என் வண்டியத் தொடாத" என்றார், அவ்வளவுதான். அண்ணி தன் கையைப் பார்த்துக்கொண்டார். "சரிங்க" என்றார்.

அந்த வாரமே அண்ணன் புது பம்பர் வாங்கி மாட்டினார். பழையதைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் வீசினார். அடுத்த வியாழக்கிழமை அண்ணி விளக்குகளோடு வாசலுக்கு வந்தார். காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேய்த்தார். வெள்ளிக்கிழமை குங்குமம் விளக்கோடு நின்றது. அண்ணனுக்கு இரண்டே நாளில் கோபம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலைகளில் வண்டிப் பக்கத்தில் சும்மா நிற்பார். அண்ணி வந்து வைப்பாரா என்று பார்ப்பார். அண்ணியோ அவர் கூப்பிடுவாரா என்று உள்ளே நிற்பார். ஒரு வார்த்தை, "வந்து வையேன்" என்று ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயில் வரவில்லை. வருஷங்கள் அப்படியே ஓடிவிட்டன. மற்றபடி நல்ல குடித்தனம்தான், சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தார்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான் விழுப்புரத்தில் வேலையாகி அங்கேயே குடியேறினேன். அண்ணன் டாக்சியை நிறுத்தினார். வண்டி வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. போன வருஷம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டு அண்ணி போய்விட்டார். அங்கே ஒருநாள், அண்ணன் டீ வாங்கப் போன நேரத்தில், "வண்டிக்கு மேல பாய் சரியா மூடிக்கீதா தம்பி?" என்று கேட்டார். மூடியிருக்கிறது என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது அண்ணி என்று சொல்லியிருக்கலாம். இன்று வரை அது என்னை அரிக்கிறது.

வருஷத் திதி முடிந்த வாரம் அண்ணன் போன் செய்தார். "வண்டிய எடுக்கணும்டா. அவ ஊருக்கு ஒரு தபா ஓட்டிக்கினு போய்ட்டு வரணும்." இன்ஜின் வேலையைவிட பம்பர்தான் அவரை உறுத்தியது. அவர் வாங்கி மாட்டிய அந்தப் புது பம்பர் கொப்புளம் கொப்புளமாக உரிந்து கிடந்தது. இரண்டு பேரும் அதைக் கழற்றி விழுப்புரத்தில் ஒரு முலாம் பூசும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் சுண்டிப் பார்த்தார். "தகடு மெல்லிசுங்க, ஓட்ட விழுந்துட்ச்சி. இதுமேல முலாம் நிக்காது. பழைய பம்பர் ஏதாச்சும் கீதா? அந்தக் காலத்து இரும்பு கெட்டி."

அது எப்போதோ மண்ணாகியிருக்கும் என்றார் அண்ணன். திண்டிவனம் திரும்பியதும், எதற்கும் பார்க்கலாம் என்று நான் வீட்டுப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு இரண்டு செங்கலாக அடுக்கி, அதன்மேல் நீளவாக்கில் ஒரு இரும்பு கிடந்தது. கழுவிய பாத்திரங்களை அண்ணி கவிழ்த்து வைக்கிற இடம். எத்தனையோ வருஷம் அங்கே கை கழுவியிருக்கிறோம். பாத்திரம் எதன்மேல் காய்கிறது என்று எங்களில் எவன் பார்த்தான்?

மறுநாள் பட்டறைக்காரர் அந்தப் பழைய பம்பரை வாங்கி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அண்ணனைப் பார்த்தார். "குரோமியம் ஒரு பொட்டு இல்ல. ஆனா இரும்பு வழவழனு கீதுங்க, ஒரு குழி இல்ல. இது ஒரு வருஷத் துருதான். அதுக்கு முன்ன யாரோ வாரா வாரம் தேய்ச்சிக்கினே இருந்திருக்காங்க." அண்ணன் பட்டறைத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது பட்டறைக்காரர் பத்து நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். "முலாம் வேணாங்க. துருவ மட்டும் எடுத்துக் குடுங்க." பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. "வெறும் இரும்புங்க இது. பனி பட்டா ஒரு வாரத்துல மறுபடி துரு ஏறும். யாராச்சும் தேய்ச்சிக்கினே இருக்கணும்." அண்ணன் பம்பரைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "தேய்ச்சிக்கலாம்" என்றார்.

அந்த பம்பரை மாட்டிக்கொண்டு ஒலக்கூருக்குப் போய் வந்தாயிற்று. முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் யாரையும் உட்காரவிடவில்லை, நான் பின்னால்தான் உட்கார்ந்தேன்.

நேற்று வியாழக்கிழமை. மதியம் திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குப் போனேன். விளக்கு, சொம்பு, தட்டு எல்லாம் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு எதிரே குந்தியிருந்தார். முட்டி வலிக்கிறவர், ஒரு கையால் பம்பரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்த்தார். பக்கத்தில் கொட்டாங்குச்சி. புளிச் சக்கையும் உப்பும்.

புளித் தண்ணீர் வெறும் இரும்பில் காய்ந்தால் சாயங்காலத்துக்குள் துரு பூக்கும். உடனே நல்ல தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். சொல்ல வாய் வந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் குந்தினேன். அவர் தேய்த்துக்கொண்டே போனார், நான் பின்னாலேயே ஊற்றித் துடைத்துக்கொண்டே போனேன்.