பத்தொன்பதாவது எலக்ட்ரான்

காலையில் ஆசிரியர் அறைக்குள் வந்ததும், கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே அக்கா வட்டம் போடத் தொடங்கிவிடுவார். பழைய விடைத்தாளின் பின்பக்கம்தான் காகிதம். நடுவில் அணுக்கரு, அதற்குள் புரோட்டான் இத்தனை, நியூட்ரான் இத்தனை. சுற்றிலும் வட்டங்கள், அவற்றின் மேல் புள்ளி புள்ளியாக எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனில் ஆரம்பித்துக் கால்சியம் வரை இருபது அணுக்கள். முதல் மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். முடியாத நாளில் யார் பேசினாலும் வள்ளென்று விழுவார்.

பிள்ளைகள் வைத்த பெயர் வட்டம் மிஸ். இருபத்தாறு வருடங்களாக ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறார். "அணுக்குள்ள முக்கால்வாசிக்கு மேல காலி இடம்தான்டா, உன் நோட்டு மாதிரி" என்பார், வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பார்த்து. நான் அடுத்த மேசைக்காரி, தமிழாசிரியை. எனக்கும் வேதியியலுக்கும் ஏழாம் பொருத்தம். "என்னக்கா, தினமும் இம்போசிஷனா?" என்று கேலி செய்துகொண்டிருந்தேன். எனக்கு அறிவில்லை.

ஒருநாள் வட்டம் போட்டபடியே சொன்னார். "எங்கம்மாவுக்கு அம்பத்திரண்டு வயசுல ஆரம்பிச்சுது. முதல்ல சாவி வெச்ச இடம் தெரியல. அப்புறம் வீட்டுக்கு வழி தெரியல. கடைசில என்னைப் பாத்து, 'யாருங்க நீங்க, உக்காருங்க'ன்னாங்க."

அக்காவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. இருபது அணுக்களும் அவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் தேர்வு.

போன செவ்வாய்க்கிழமை நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். நடுவில் வெறும் மரத்தடுப்புதான். பொட்டாசியம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "மிஸ், மூணாவது வட்டத்துல ஒன்பது எலக்ட்ரான் போட்டிருக்கீங்க. எட்டோட நிறுத்திட்டு, பத்தொன்பதாவதை நாலாவது வட்டத்துல வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கரும்பலகையில் டஸ்டர் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா சிரித்தார். "யாரு முழிச்சிருக்கீங்கன்னு பாத்தேன்." வகுப்பும் சிரித்தது. வருடா வருடம் பிள்ளைகள் செய்கிற தவறு அது. அதற்கு அவர் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

ஆசிரியர் அறைக்கு வந்தவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சும்மா சமாளிச்சேன். அந்தப் பொண்ணு சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல. பயமா இருக்கு."

"தப்பு யாருக்குத்தான் வராது? சந்தேகமா இருந்தா டாக்டரைப் பாத்துடலாம். நான் கூட வரேன்க்கா."

"அவர் ஆமான்னு சொல்லிட்டா?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று காலை அவரே தாளையும் சிவப்புப் பேனாவையும் பாடப்புத்தகத்தையும் என் பக்கம் தள்ளினார். "இனிமே நீ திருத்து. என் தப்பு என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. ஒண்ணு தப்பா இருந்தாலும் நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடலாம்."

புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாக எண்ணித் திருத்தினேன். கார்பன் சரி. சோடியம் சரி. பக்கத்தில் நின்றவர் ஒவ்வொரு டிக்கையும் குனிந்து பார்த்தார். பதினெட்டாவது, ஆர்கான், அதுவும் சரி. டிக் போட்டுவிட்டுப் பேனாவைப் பொட்டாசியத்துக்கு நகர்த்தினேன்.

நான் எண்ணத் தொடங்குவதற்குள் அக்கா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டார்.