விரதம் என்று சொன்னார்கள்

என் அக்காவின் இடது கால் பெருவிரலில் கற்பூரம் சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. பதினாலு வயதுப் பெண்ணின் காலடியில் தட்டை வைத்து, கற்பூரம் ஏற்றி, விழுந்து கும்பிட்டார்கள் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் தெருப் பெண்கள். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நான் அவளுக்கு மூன்று வயது இளையவள். தமிழ்ப் பள்ளியில் படித்ததோடு என் படிப்பு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வயதுக்கு வந்ததும் அக்காவின் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று வாயில் திணித்தார்கள். வந்தவள் போனவள் எல்லாம் அவள் தோளைப் பிடித்துப் பார்ப்பாள், இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் சதை வைக்கணும்லா" என்பாள் ஒருத்தி. "போதும்லா, அப்புறம் மாப்பிள்ளை வீட்டு வாசலை இடிக்கணும்" என்பாள் இன்னொருத்தி. சிரிப்பு. மாட்டை விலை பேசுகிறவன்கூட அதன் காதில் விழும்படி இப்படிப் பேசமாட்டான். அக்கா வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு எல்லா நாளும் ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும்தான். பழத்தையும் யாருக்கும் தெரியாமல் என் கையில் கொடுத்துவிடுவாள். மலாக்கா வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கினாள். சீப்பில் முடி கற்றை கற்றையாக வந்தது. "முகத்துல என்னா களை பாரு, அம்பாள் மாதிரி" என்றார்கள். மூலை வீட்டு அத்தை அக்கா கையால் திருநீறு வாங்கிப் போனாள். அந்த வாரமே அவள் மகனுக்கு வேலை கிடைத்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் அக்கா தலையில் பால்குடத்தை ஏற்றினார்கள். பாதி வழியில் விழுந்தாள். "அருள் வந்துடுச்சு!" என்று குலவை போட்டார்கள். மேளக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள், ஒருத்திக்காவது தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை. எங்கள் அடுத்த வீடு மலாக்காச் செட்டிக் குடும்பம். அவர்களும் அதே அம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் பல தலைமுறையாக வீட்டில் மலாய்தான், தமிழ் பேச வராது. அந்த வீட்டு அம்மாவை மாக்சிக் என்போம், மலாயில் பெரியம்மா மாதிரி. அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "லாப்பார்! புடாக் இனி லாப்பார் லா!" என்று மலாயில் கத்தினார். இந்தப் பிள்ளைக்குப் பசி என்று கத்தினார். எல்லோருக்கும் மலாய் தெரியும், புரியாமல் இல்லை. "சாமி வந்திருக்கு, தீட்டாக்காதே" என்று அவரையே பிடித்துத் தள்ளினார்கள். நல்லவேளை, அப்பா மட்டும் மாக்சிக் சொன்னதைக் காதில் வாங்கினார். அவர் தபால்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது "பிழைச்சிட்டா" என்றார்கள். பிழைப்பது ஒரு நாள் வேலையா? கஞ்சியைக் கண்டால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். யாராவது பார்த்தால் கை நின்றுவிடும். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்பா தெங்கேரா பக்கம் தபால் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்ததும், தன் தட்டோடு அவளுக்கு முதுகு காட்டி உட்காருவார். "சாப்பிடு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாய்க்கதை சொல்வார். "தெங்கேராவுல ஒரு நாய் இருக்கும்மா, மணியார்டர் கொண்டுபோனா வாலாட்டுது, கடுதாசி கொண்டுபோனா கடிக்க வருது." பின்னாலிருந்து சில நாள் சிரிப்புக் கேட்கும், சில நாள் கேட்காது. தட்டைத் திரும்பிப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை.

அவள் மீனும் இறால் விழுது போட்ட மிளகாய்ச் சம்பாலும் தின்னத் தொடங்கியது தெருவுக்குப் பொறுக்கவில்லை. "சாமிக்கு இப்ப சம்பால் பெலாச்சான் கேக்குதாம்!" என்று குழாயடியில் பேசினார்கள். தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் போனது. அதுவும் அக்கா மீன் தின்ற பாவம் என்றார்கள். மூலை வீட்டு அத்தை மறுபடி கற்பூரத் தட்டோடு வந்தாள். பெற்ற அம்மாவே, "வெள்ளிக்கிழமை மட்டும் இருந்துடும்மா, ஊர் வாய் அடங்கட்டும்" என்று கெஞ்சினாள். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அக்கா மறுபடி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அன்றைக்குத்தான் அப்பா வாசலில் நின்று, அத்தையின் கற்பூரத் தட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். "என் மக சாமி இல்ல. யாராச்சும் கும்பிட வந்தா காலை உடைப்பேன்." அப்பாவின் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகும் தேறினாள், மறுபடி இளைத்தாள். நல்லபடி ஒரு மாதம் போகும், ஒரு கல்யாண வீட்டில் எவளாவது "இப்ப பூசினாப்புல இருக்கே" என்பாள், பழையபடி சுவர் பக்கம் திரும்பிவிடுவாள். சண்டை வந்து, ஜப்பான்காரன் காலத்தில் தெருவே மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்றது. எல்லோருக்கும் கன்னம் ஒட்டியது, முடி கொட்டியது. அப்போது யாரும் யார் முகத்திலும் களை பார்க்கவில்லை, யார் காலிலும் விழவில்லை. ஒருநாள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "ஏன்க்கா அப்படிச் செஞ்சே?" அவள் நிமிரவில்லை. "எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்கடி. விரதம்னு சொன்னேன், கையை எடுத்துட்டாங்க."

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, நரைத்த பிறகும் புது ஆட்கள் முன்னால் அவள் சாப்பிட யோசிப்பாள். ஆனாலும் சாப்பிட்டாள். ஒவ்வொரு வேளையும் அவள் வென்ற வேளை. அதை யாரும் கும்பிடவில்லை.

போன வருடம் அக்கா போய்விட்டாள். பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்டு, பாலும் பழமும் மட்டும் வைத்தார்கள். "சின்ன வயசுல சோறு தண்ணி இல்லாம விரதம் இருந்தவங்களாம், தெய்வப் பிறவி" என்று அக்காவின் மருமகள் ஒருத்தி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய் மீன் வறுத்தேன். கொண்டுவந்து இலையில் வைத்தேன்.

"ஐயோ சின்னத்தே, இது விரதக்காரங்க படையல்லா!"

"விரதம் இல்ல. அவளுக்குப் பசி. விரதம்னு நீங்க வச்சீங்க பேரு."

வீடே என்னைப் பார்த்தது. நான் குனிந்து, இன்னொரு துண்டு மீனை எடுத்து இலையில் வைத்தேன்.