ஹலால் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஹராம் என்று மாமா தீர்ப்புச் சொன்னபோது எனக்கு ஏழு வயது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். கோர்ஸ் பாதியில் நின்றது, பேச்சு மட்டும் எப்போதோ பாஸாகியிருந்தது. எங்கள் பெட்டியில் இருப்பது திருட்டு விண்டோஸாம். அதை வைத்திருக்கிற அறையிலேயே முஸல்லாவை விரித்துத் தொழுகிறோமே, இது அடுக்குமா என்று கேட்டார். அவரிடம் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. உலகத்துக்கே இலவசம், யாரும் யாருக்கும் கொடுக்கலாம், சுத்த ஹலால். உம்மா வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு ஹராமும் தெரியாது ஹலாலும் தெரியாது. என் பயமெல்லாம் வாப்பாவைப் பற்றி.

வாப்பா கத்தாரில் இருந்தார். முந்தின வருஷப் பெருநாளைக்கு அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, “மகள், வாற நோன்புக்கு வாப்பா ஊட்டுல” என்று சிரிப்பார். அதற்குப் பிறகு போன் வருவது குறைந்து, அந்த நோன்பும் வந்து போய்விட்டது. ஆனாலும் நான் ஸ்கூல் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைப் போடுவேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்காவிட்டால் அவர் முகமே எனக்கு ஞாபகம் வராது. அவர் ஊரைவிட்டுப் போகும்போது நான் அவ்வளவு சின்னவள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமா சிடியோடு வந்தார். நான் அவருடைய சாரனைப் பிடித்துக்கொண்டு, வாப்பா போய்விடுவாரா என்று கேட்டேன். மாமா என்னைத் தூக்கி மேசையில் உட்கார வைத்தார். பெட்டிக்குள்ளேயே பழையது ஒரு அறையில் இருக்கும், புதியது பக்கத்து அறையில் குடிவரும், வாப்பாவை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று விளக்கினார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பெட்டி அணைந்து மறுபடி எரிந்தபோது அந்தப் பாதியும் போய்விட்டது. திரை ஒரே கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துக்கள் விறுவிறுவென்று ஓடின. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இடையில் கரண்ட் போனால் பெட்டியே பாழ் என்று மாமா வேறு வாய் தவறிச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஒரு மின்னல் போதும், கரண்ட் போக. நான் தெரிந்த ஸூராக்களை எல்லாம் ஓத ஆரம்பித்தேன். பயத்தில் ஒன்றின் தலையும் இன்னொன்றின் வாலுமாக வந்தது.

பிறகு எழுத்துக்கள் நின்று, திரை ஏதோ கேள்வி கேட்டது. மாமா அதை வாசித்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டார். உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத பேச்செல்லாம் எங்கள் வீட்டில் சிங்களத்தில்தான் நடக்கும். எனக்குத் தெரிந்தது கடைக்குப் போகிற அளவுச் சிங்களம். மாமா என்னைக் காட்டி ஏதோ கேட்டார். உம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “ஒக்கொம மகபங்.”

ஒக்கொம என்றால் எல்லாம். அது எனக்குத் தெரியும். உம்மா எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து மேசையில் உட்கார்ந்தபடியே கால் ஆட்டினேன். மாமா உடனே அழுத்தவில்லை. இன்னொரு தடவை உம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் அழுத்தினார்.

கரண்ட் போகவில்லை. என் ஓதல் பலித்தது என்று பெருமை. அழகான புதுத் திரை வந்தது. நான் வாப்பாவைத் தேடினேன். மாமாவின் கையைத் தள்ளிவிட்டு, தெரிந்த இடமெல்லாம் தட்டித் தட்டித் தேடினேன். வாப்பா எங்கேயும் இல்லை.

“மாமாட கை தவறிப்போச்சு மகள்,” என்றார்.

அவர் கையில் பல் பதியக் கடித்தேன். மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. குசினி அடுப்படிக்குத் திரும்பிவிட்ட உம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை மாமா எனக்கென்று வாங்கி வந்த மஸ்கட் இனிப்பை நான் தொடவில்லை. கோர்ஸை ஒழுங்காக முடிக்காதவன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கோள் சொன்னேன். அவரும் ஆமாம் ஆமாம் என்று சிரித்துக்கொண்டார்.

இரண்டு வகுப்பு தாண்டி, சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் ஒரு பிள்ளையிடம் டஸ்டரைக் கொடுத்து, போர்டைக் காட்டி, “மகன்ன” என்றார். அந்தப் பிள்ளை போர்டை அழித்தது. எனக்குச் சட்டென்று மேசையும் மழையும் உம்மாவின் அந்த ‘மகபங்’கும் ஞாபகம் வந்தன. உம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்றுதான் விளங்கவில்லை. உம்மாவிடம் கேட்கவும் பயம்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் வாப்பாவைப் பற்றி விசாரித்தார்கள். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். வாப்பா கத்தாரில் வேறொருத்தியை நிக்காஹ் செய்துகொண்ட செய்தி, அந்த வெள்ளிக்கிழமைக்குச் சற்று முன்னால்தான் வந்திருந்தது.

அந்த வீடியோவை நான் நாள் தவறாமல், சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துத்தான் பார்ப்பேன். அந்த அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருந்தது.