ரோதமுனி காட்டிய காற்று

போன வருஷம் சித்திரையில் எங்கள் அண்ணன் இறந்துவிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர் எழுந்து வரவில்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எனக்கு யார் மேலும் நம்பிக்கை வரவில்லை. டாக்டர் மேல் இல்லை, சொந்தக்காரர்கள் மேல் இல்லை, சாமி மேலும் இல்லை. அம்மா கோவிலுக்குக் கூப்பிட்டால், "போயி என்னா கெடச்சிச்சு?" என்று கத்துவேன்.

அண்ணனுக்கு ஹட்டனில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. ஹோட்டல் சமையலறைக்கு வேண்டியதைத் தகட்டில் செய்து பொருத்துகிற வேலை. மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, அடுப்புக்கு மேலே கவிழ்த்து வைக்கிற புகைக்கூடு, அதிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய், எல்லாம் செய்வார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் அளக்கப் போகும்போது டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சொல்கிற அளவை எழுதுவேன். விலை போடும்போது பக்கத்தில் இருப்பேன்.

அவர் போன பிறகு வேலை வரவில்லை. பட்டறை அறையின் சொந்தக்காரர், ஆவணிக்குள் ஒரு வேலையும் வராவிட்டால் காலி பண்ணச் சொன்னார். அண்ணனுடைய சட்டை அங்கே ஆணியில் அப்படியே தொங்கியது. அந்த அறையும் போனால் அண்ணன் முழுசாகப் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

ஆடி மாசம் ஒரு ஃபோன் வந்தது. வட்டவளைப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரை ஹோட்டலாக மாற்றுகிறார்கள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அங்கே சமையலறைக்கு விலை கேட்டார்கள். பிளானும் அனுப்பினார்கள்.

சந்தோஷப்படாமல் சந்தேகப்பட்டேன். ஆள் செத்துப்போன பட்டறையை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முதலிலேயே முடிவாகிவிடும். மூன்று பேரிடம் விலை கேட்டதாகக் காட்டுவதற்காக இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

அண்ணனோடு வேலை செய்த வெல்டர் குமார் அண்ணன் சொன்னார்: "பிளான்ல இருக்கிறத பாத்து வெலயப் போட்டுக் குடு புள்ள. அங்கன போயி அளந்தாலும் அதேதான் இருக்கப்போகுது."

அவர் மேலும் சந்தேகம் வந்தது. எதற்கு என்னைப் போக வேண்டாம் என்கிறார்? கொஞ்ச நாளாகவே ஃபோன் வந்தால் எழுந்து ரோட்டுக்குப் போய்த்தான் பேசுகிறார். நுவரெலியாவில் இதே வேலை செய்கிற பெரிய பட்டறை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு நம் விலையைச் சொல்கிறாரோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் நேரில் போனேன். பக்தியால் போகவில்லை. யாரையும் நம்பாததால் போனேன்.

அண்ணன் எந்த இடத்தில் டேப்பை விரித்தாலும் முதலில் சாம்பிராணி காட்டுவார். அதை விட மனசு வரவில்லை. தூபக்காலும் சிரட்டைக்கரியும் எடுத்துக்கொண்டேன். குமார் அண்ணனும் வந்தார். கேட்டில் இருந்த வாச்சர் அதைப் பார்த்துவிட்டு, "கிச்சன் போட வந்தீங்களா, பேய் ஓட்ட வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்குந்தான். மொதல்ல ஒன்னைய ஓட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போவோம்," என்றார் குமார் அண்ணன்.

ஸ்டோருக்குப் பின்னால் ரோதமுனி இருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு அவரைத் தெரியும். ஸ்டோரில் ரோதைகள், அதாவது இயந்திரச் சக்கரங்கள், ஓடும்போது யாருடைய கையும் காலும் சிக்காமல் காக்கிற சாமி. பெரிய கோவில் ஒன்றும் இல்லை. ஒரு கல்லும் ஒரு சூலமும்தான். ஸ்டோர் மூடியதிலிருந்து யாரும் எண்ணெய் வைக்கவில்லை. கல் காய்ந்து கிடந்தது. எனக்கு என்னவோ செய்தது. சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாகக் கும்பிட்டேன். "சாமி, என்னைய யாரு ஏமாத்துறாங்கன்னு காட்டு," என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே போனேன். அடுப்பு வைக்கிற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்திருந்தார்கள். அதற்கு நேரே பள்ளத்தாக்கைப் பார்த்த சுவரில் பெரிய ஓட்டை. புகையை வெளியே தள்ளுகிற காற்றாடி அதில்தான் வரும் என்று பிளானில் இருந்தது. நான் சாம்பிராணி போட்டேன். புகை ஓட்டைப் பக்கம் போகவில்லை. என் முகத்தில் அடித்தது. இடம் மாறி நின்றேன். அங்கேயும் முகத்துக்கே வந்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. சாமிக்கு என் மேல் கோபம் என்று பயந்துவிட்டேன்.

"சாமி கோவிச்சுக்கல புள்ள, காத்து," என்றார் குமார் அண்ணன். அதைச் சொல்லிவிட்டு அவரும் அந்த ஓட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பள்ளத்திலிருந்து ஏறி வருகிற ஆடி மாசத்துக் காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. அங்கே காற்றாடி வைத்தால் சமையல் புகை திரும்ப உள்ளேயே வரும். அடுப்புகூட அணைந்துபோகும். தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலை செய்கிற எங்களுக்குத் தெரியும்.

புகைக்குழாயைச் சுவர் வழியாக விடக் கூடாது. நேரே மேலே ஏற்றிக் கூரைக்கு வெளியே விட வேண்டும். ஸ்டோர் கூரை சாதாரண உயரம் இல்லை. குமார் அண்ணன் மழை ஈரத்தில் ஏணி வைத்து ஏறி, மேலே இருந்து டேப்பை விட்டார். நான் கீழே நுனியைப் பிடித்தேன். குழாய் எவ்வளவு, சாரம் எவ்வளவு, கூரைத் தகரத்தை வெட்டினால் மழை ஒழுகாமல் மூட என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலை போட்டேன். விலை ஏறியது.

"இவ்வளவு போட்டா வேல நமக்கு வராது," என்றார் குமார் அண்ணன். எனக்குப் பழைய சந்தேகம். கடைசித் தொகையை அவருக்குக் காட்டாமலே அனுப்பினேன். பிளானில் உள்ளபடி செய்தால் புகை திரும்பி வரும் என்றும் கீழே எழுதினேன்.

கொஞ்ச நாளில் ஹோட்டல் மேடம் கூப்பிட்டார். அவர் சிங்களப் பெண், என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, மத்த ரெண்டு பேரும் இந்தக் குழாய் போடல. நீ மட்டும் ஏன் போட்டது? காசு கூட்டுறதுக்கா?"

அவருக்கு என் மேல் சந்தேகம். நான் சண்டை போடவில்லை. திரும்ப அங்கே போய், தூபக்காலை அவர் கையில் கொடுத்து அடுப்பு இடத்தில் நிற்கச் சொன்னேன். புகை அவர் முகத்தில் போய் அடித்தது. இருமிக்கொண்டே, "எப்பா, போதும் நங்கி, போதும்!" என்றார். உடனே பிளான் போட்ட எஞ்சினியருக்கு ஃபோன் போட்டார். அந்த ஐயா நல்ல மனுஷன். மறைக்கவில்லை. தான் தை மாசத்தில் வந்ததாகவும் அப்போது காற்று மலைப் பக்கமிருந்து வந்ததாகவும் சொன்னார். கூரை வழியாகத்தான் விட வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் சொன்னார்: "சரி, இப்ப மூணு பேரும் கூரைக் குழாயோட திரும்ப வெல போடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமி எனக்குக் காட்டியதை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பட்டறைக்கு வந்ததும் குமார் அண்ணனுக்கு ஃபோன் அடித்தது. வழக்கம்போல ரோட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"யாருகிட்ட நம்ம வெலய சொல்றீங்க?" என்று ரோட்டிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஃபோனை நீட்டினார். "இந்தா, நீயே பேசு. குவைத்துல வீட்டு வேல செய்யிறவகிட்ட ஒன் வெலயச் சொல்லி நான் என்னா பண்ணப் போறேன்? உள்ளுக்கு தகடு தேய்க்கிற கிரைண்டர் சத்தத்துல பொண்டாட்டி பேசுறது கேக்குமா?"

ஃபோனில் அவர் மனைவி இருந்தார். "புள்ள, ஒங்க அண்ணன் எழவுக்கு வரக் கெடைக்கல. கோவிச்சுக்காத. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்று கேட்டார். ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் போன பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். சந்தேகத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அடுத்த நாள் தனியாக ரோதமுனியிடம் போனேன். "எவன் ஏமாத்துறான்னு கேட்டேன். நீ காத்தக் காட்டுன. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. இனி நீயே பாத்துக்க," என்று ஏசினேன். ஏசி முடித்ததும் மனசு லேசானது. விலையைக் குறைத்துக் கொடுக்கலாமா என்று அதுவரை தவித்தேன். திரும்பவும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். குறைக்க ஒன்றும் இல்லை. முதலில் கொடுத்த அதே விலையைத் திரும்பக் கொடுத்தேன். இந்தத் தடவை குமார் அண்ணனுக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

மற்ற இரண்டு பேரும் கூரையில் ஏறி அளக்கவில்லை. கீழே இருந்து பார்த்து, கையைக் கடிக்காத மாதிரி என் விலையைவிடக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். மேடம் ஃபோனில் சொன்னார்: "நங்கி, ஒங்க வெல ரெண்டு தரமும் ஒண்ணு. நீங்க வேல தொடங்குங்க."

பட்டறை இன்றைக்கும் திறந்திருக்கிறது. அண்ணன் இல்லாத துக்கம் போகவில்லை. அதை எந்தச் சாமியும் எடுத்துவிட்டதாக நான் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் சந்தேகம் வரும். வந்தால் மனதுக்குள் வைத்துப் புழுங்குவதில்லை. முகத்துக்கு நேரே கேட்கிறேன். இல்லாவிட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். யார் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்டுப் போன எனக்கு, பிழைக்கிற வழியைக் காட்டினார் ரோதமுனி. நான் கேட்டதைவிட அது பெரிது.

அந்தச் சமையலறையில் முதல் அடுப்பைப் பற்ற வைத்த அன்று பொங்கல் பொங்கி அவருக்குப் படைத்தோம். புகை நேரே மேலே ஏறிப் போனது. தோட்டத்துச் சனங்கள் சாமி கும்பிட வந்து போக வழி வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். சம்மதித்தார். கஷ்டத்தில் இருப்பவர்கள், யாரையும் நம்ப முடியாமல் தவிப்பவர்கள், வாருங்கள். பெரிய பூசை ஒன்றும் வேண்டாம், கொஞ்சம் எண்ணெய் போதும். ஏசத் தோன்றினால் ஏசுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை பின்பக்கத்துக் கேட் திறந்திருக்கும்.