ஈசானி மூலைக்குப் போன தண்ணீர்

கொல்லிமலையில் தண்ணீருக்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கே விட்டாலும் பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடும். அதைத் திருப்பி மேட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்த ஒரே ஆள், இந்த மலையிலேயே என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வீடு வளப்பூர் நாட்டில் ஒரு சரிவில் இருக்கிறது. வடகிழக்கே மேடு, தென்மேற்கே பள்ளம். வீட்டுக்கு முன்னால் மண் வாசல். கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் தானாக இறங்கிக் கீழே மரவள்ளிக் காட்டுக்குப் போய்விடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து மழைத் தண்ணீரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அந்தக் குறையை இவர் ஒரு தை மாதம் தீர்த்துவைத்தார்.

மிளகு காயப்போட சிமெண்டுக் களம் வேண்டும் என்று கேட்டது நான்தான். மண்ணில் சாக்கு விரித்துக் காயவைத்து, கல் பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போயிருந்தது. சரி என்றார். மிளகு விற்க பஸ்ஸில் அடிவாரத்துக்குப் போனவர், அங்கே ஒரு வாஸ்துக்காரரிடம் யோசனையும் கேட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் ஈசானி மூலைக்கு, அதாவது வடகிழக்குக்குத்தான் ஓட வேண்டுமாம். தென்மேற்கில், கன்னி மூலையில் இறங்கவே கூடாதாம். சமவெளியில் உட்கார்ந்து சொல்கிறவருக்கு என்ன, நாலு பக்கமும் ஒன்றுதான்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பள்ளத்துப் பக்கம் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். களத்தை வீட்டைப் பார்த்துச் சாய்த்துப் போட்டார்கள். எங்கள் களத்துக்கு ஈசானி மூலை எது தெரியுமா? என் சமையலறைச் சுவர். அதுவும் மண் சுவர்.

"இங்க வர்ற தண்ணி அப்புறம் எங்கீங்க போவும்?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"அண்ணன் குழி எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாருங்க" என்றவர் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

குழியும் எடுத்தார். சுவரோரமாக ஒரு குழி, அது நிறைய ஜல்லி. கோடை மழைக்கே அது நிரம்பி வழிந்தது. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் களத்துத் தண்ணீர் மொத்தமும் வந்து சுவரைக் கட்டிக்கொண்டு நின்றது. முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறிப் பூச்சு உதிர்ந்தது. அடுப்பு அந்தச் சுவரையொட்டித்தான். விறகு எரியவில்லை, புகைதான் வந்தது. நான் வாளியில் மொண்டு மொண்டு பள்ளத்துப் பக்கம் கொட்டினேன். கன்னி மூலையில்தான். வாளியில் போனால் தோஷமில்லை போலிருக்கிறது, அதற்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏனுங்க, செவுரு ஊறிப்போச்சுங்க. நான் அதுக்கடியில நின்னுதானுங்க சோறாக்குறேன்."

"மழ உட்டுட்டாக் காஞ்சுரும் புள்ள."

மழை விட்டால்தானே. ஒரு நாள் காலையில் பார்த்தால் சுவர் உள்பக்கமாகப் புடைத்திருந்தது. விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது. வேறு யாராக இருந்தாலும் கடப்பாரையைத் தேடியிருப்பார்கள். இவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அந்த வாஸ்துக்காரரிடமே பரிகாரம் கேட்கப் போகிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுப் பானையை அடுப்பில் வைக்கவே இல்லை.

பஸ் போனதும் கடப்பாரையை எடுத்தேன். சுவரோரத்திலிருந்து பள்ளம் வரைக்கும், களத்தின் விளிம்பை ஒட்டி சிமெண்டை உடைத்தேன். கொட்டின மண்ணை அள்ளிப் போட்டு, பழைய செம்மண் தெரிகிற வரைக்கும் தோண்டினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கடைசிக் கரையையும் வெட்டிவிட்டதும், தேங்கிக் கிடந்த தண்ணீர் கலங்கலாகச் சுழித்து, விறுவிறுவென்று மரவள்ளிக் காட்டுக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் திரும்பி வந்தவர் கையில், காகிதத்தில் சுற்றிய செப்புத் தகடு. வாய்க்காலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இப்படிப் பண்ணிப்போட்ட?"

"செவுரு நிக்கோணுமில்லீங்க?"

"கன்னி மூலையில தண்ணி எறங்குனா ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாதுன்னு சொன்னாரு புள்ள. ஆஸ்பத்திரியில உன்னைய அந்தக் கோலத்துல பாத்தவன் நானு. மறுக்கா என்னால முடியாது."

களம் போடுவதற்கு முந்தின வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. இத்தனை மாதமும் இவர் அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு ஆகாது என்று பயந்துதான், நான் நிற்கிற இடத்துக்கே தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார். அழுகை வந்தது, அழுகை வந்ததே என்று கோபமும் வந்தது.

"எனக்கு ஆகாதுன்னா எங்கிட்டச் சொல்லோணுமில்லீங்க? செவுரு எம்மேல உளுந்தா மட்டும் ஆகுமுங்களா?"

உள்ளே போய்ச் சுவர்ப் புடைப்பைத் தடவிப் பார்த்தார். ஒரு மரத்தைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். பிறகு கடப்பாரையை வாங்கி, நான் வெட்டின வாய்க்காலை இன்னும் அகலமாக்கினார். தகட்டை மட்டும் விடவில்லை, ஈசானி மூலையில் புதைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அதற்குள் நானும் சோற்றை ஆக்கி இறக்கியிருந்தேன்.

சுவர் இன்னும் நிற்கிறது. தண்ணீரும் அதன் வழியில் போகிறது. ஆனால் அன்றைக்கு நனைந்ததில் பிடித்த சளி ஒரு வாரம் விடவில்லை. அந்த ஒரு வாரமும் இவர் எதிரில் நான் தும்மவே இல்லை. தும்மல் வந்தால் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தேன்.